இட்லி பாஸ்ட் புட்டா? சிவப்பு மையில் அடிபட்ட ஒரு சொல்லுக்குப் பதில்

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், 'எங்கள் ஊரில் கிடைக்கும் துரித உணவுகள்' என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதில் இட்லி, பரோட்டா, பிரைடு ரைஸ் மூன்றையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறாள். ஆசிரியர் இட்லியை மட்டும் சிவப்பு மையில் அடித்து, 'இட்லி ஆரோக்கிய உணவு' என்று ஓரத்தில் எழுதிவிட்டார். "ஓட்டலில் இட்லி கேட்டால் ஒரு நிமிடத்தில் இலைக்கு வருகிறது. பாஸ்ட் புட் கடையில் இருபது நிமிடம் கால் வலிக்க நிற்கிறேன். இதில் எதுங்க பாஸ்ட்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க அகராதிக் கேள்வி போல இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்த 'பாஸ்ட்' எதை அளக்கிறது, யார் கடிகாரத்தில் அளக்கிறது என்பதைத்தான். அப்புறம், ஆசிரியர் அடித்தது சரியா என்பதையும்.

நான் மொழி படித்தவன் அல்ல, மருத்துவனும் அல்ல. கோயம்புத்தூரில் கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டுப் பதினான்கு வருடம் மற்றவர்களின் அடுப்படியில் நின்றவன். அதில் இரண்டு வருடம் ஒரு பர்கர் கம்பெனியின் கிளையில் கழிந்தது. இப்போது வேலந்தாவளத்தில், கேரள எல்லைக்குள், ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஒரு பாதி 'டிபன்', மறு பாதி 'பாஸ்ட் புட்', இரண்டும் தமிழிலும் மலையாளத்திலும். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை, தினமும் மாலை ஆறரை மணிக்கு என் கடையிலேயே நடக்கிற விஷயம்.

'பாஸ்ட் புட்' என்ற சொல் அமெரிக்காவில் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் அங்கே உணவு வியாபாரம் செய்பவர்கள் தங்களுக்குள் புழங்கிய தொழில் வார்த்தை, பிறகு ஊர் வார்த்தை ஆனது. ஆனால் சொல் வருமுன்பே காரியம் நடந்துகொண்டிருந்தது. 1921-ல் கேன்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ஒயிட் கேசில் என்ற கடை ஐந்து சென்ட்டுக்குச் சின்ன ஹாம்பர்கர் விற்க ஆரம்பித்தது. 1940-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்டு சகோதரர்கள் ஒரு கடை போட்டார்கள். காரிலேயே உட்கார்ந்திருக்கலாம், பெண்கள் வந்து ஆர்டர் எடுத்துத் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நன்றாக ஓடிய கடையை 1948-ல் அவர்களே மூடினார்கள். பரிமாறும் ஆட்களை நிறுத்தினார்கள், தட்டு, கரண்டிகளை ஒழித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள், மெனுவை ஒன்பது பொருளாகக் குறைத்தார்கள். ஹாம்பர்கர் பதினைந்து சென்ட். ஒருவர் கறியை வாட்டுவார், ஒருவர் பன்னில் சாஸ் வைப்பார், ஒருவர் சுற்றுவார். கார் கம்பெனியில் உருப்படி நகர்வது போலச் சாப்பாடு நகர்ந்தது. டென்னிஸ் மைதானத்தில் சாக்பீசால் சமையலறையின் வரைபடம் போட்டு, ஆட்களை நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் மெருகேறிய கதையாகவே இருந்தாலும், அடுப்படியில் வேலை செய்த எவனுக்கும் அதில் ஒரு நியாயம் தெரியும். வேகம் என்பது கை வேகம் இல்லை, எது எங்கே இருக்கிறது என்பதுதான்.

இதை நான் அந்த பர்கர் கிளையில்தான் கற்றேன். போன முதல் வாரம் என்னைச் சமைக்கவே விடவில்லை. எந்த டப்பா எந்த அலமாரியில், வலது கை நீட்டினால் என்ன வரவேண்டும், இடது கைக்கு என்ன என்பதே பாடம். பொரிப்பதற்கு மணி அடிக்கும், எடுப்பதற்கு மணி அடிக்கும். சூட்டுப் பெட்டியில் வைத்த உருளைக்கிழங்கு வறுவலை இத்தனை நிமிடத்துக்கு மேல் விற்கக்கூடாது, கொட்டிவிட வேண்டும் என்று கணக்கு. சமையல்காரனின் கைப்பக்குவம் என்று நாம் பெருமைப்படும் எதற்கும் அங்கே இடம் கிடையாது. வாடிக்கையாளர் பார்த்தது கவுண்டரில் நடந்த ஒன்றரை நிமிடம். அவர் பார்க்காதது, கறித்துண்டை எங்கோ ஒரு தொழிற்சாலையில் தட்டி, உறையவைத்து, லாரியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்து சேர்த்த நாட்கள். ஆக, பாஸ்ட் புட்டில் சமையல் வேகமாக நடப்பதில்லை. காத்திருப்பு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நீங்கள் வருமுன்பே உங்களுக்காக யாரோ காத்திருந்துவிட்டார்கள். தொழிலில் இருப்பவர்கள் இன்று 'பாஸ்ட் புட்' என்றுகூடச் சொல்வதில்லை, கியூ.எஸ்.ஆர். என்கிறார்கள், குவிக் சர்வீஸ் ரெஸ்டாரண்ட். அந்தப் பெயர் இன்னும் நேர்மையானது. வேகம் சாப்பாட்டில் இல்லை, சர்வீசில் என்று பெயரே ஒப்புக்கொள்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இட்லிக்கு வருவோம். என் கடையில் மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுகிறேன். சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் ராத்திரி முழுக்கப் புளிக்கிறது. விடிகாலை கொப்பரையில் ஒரு ஈட்டுக்கு நாற்பது இட்லி, பன்னிரண்டு நிமிடம். துணியில் இருந்து எடுத்து ஹாட் பாக்சில் போட்டாயிற்று. சாம்பார் கொதித்து இறங்கிவிட்டது, சட்னி அரைத்தாயிற்று. ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர் வந்து "நாலு இட்லி" என்றால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் பதினைந்து மணி நேரம் இருக்கிறது. 1948-ல் அந்தச் சகோதரர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் ஏற்பாட்டில் பாதியை நம்மூர் டிபன் கடை எப்போதோ செய்துவிட்டது. மீதிப் பாதியையும், அதாவது உட்கார இடமில்லாமல், டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டுக் கிளம்புவதையும், 1980களில் பெங்களூரின் தர்ஷினிக் கடைகள் செய்து காட்டின. அங்கே விற்றது இட்லி, வடை, தோசை, காபிதான்.

இன்னும் பின்னால் போகலாம். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில் தெருவோர மேடைகளில் பானைகளைப் பதித்து, சாப்பாடு விற்ற கடைகள் நிறைய இருந்தன. 2020 டிசம்பரில் அப்படி ஒன்றை, வாத்துப் படம் வரைந்த மேடையோடு, தோண்டி எடுத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் ஊரில் பழைய சோறு இருக்கிறது. மலையாளத்தில் பழங்கஞ்ஞி. அடுப்பே வேண்டாம், பிழிந்து தயிர் ஊற்றிச் சின்ன வெங்காயம் வைத்தால் முடிந்தது. இதைவிட வேகமான உணவு எந்தக் கம்பெனியிடமும் கிடையாது. தமிழில் 'ஃப' ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால் போர்டில் 'பாஸ்ட் புட்' என்றே எழுதுகிறோம். அதை ஆங்கிலம் தெரிந்த ஒருவர் 'கடந்த கால உணவு' என்றும் படிக்கலாம். பழைய சோற்றுக்கு அந்தப் பெயர் கனகச்சிதமாகப் பொருந்தும்.

சரி, இதுவரை சொன்னது தொழில்காரன் கணக்கு. தெருக்கணக்கு வேறு. உங்கள் இருபது நிமிடக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. கோவை, பொள்ளாச்சி, உடுமலை எங்கே வேண்டுமானாலும் பத்துப் பேரிடம் 'பாஸ்ட் புட் கடை' என்று சொல்லுங்கள். பத்துப் பேர் மனசிலும் ஒரே படம்தான் வரும். தள்ளுவண்டி, ஜெட் மாதிரி இரையும் பர்னர், கருத்த கடாய், கரண்டி சத்தம், சோயா சாஸ் பாட்டில், சிவப்பாகப் பொரித்து அடுக்கிய சிக்கன், மேலே தொங்கும் டியூப் லைட். எக் ரைஸ், சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். பர்கர் விற்கும் கண்ணாடிக் கடையை நம் ஊரில் யாரும் பாஸ்ட் புட் கடை என்று சொல்வதில்லை, அதன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். என் தொழிலில் இதற்கு ஒரு கறாரான சாட்சி உண்டு. ஓட்டல் ஆள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சரக்கு மாஸ்டர், தந்தூரி மாஸ்டர் வரிசையில் 'பாஸ்ட் புட் மாஸ்டர் தேவை' என்று இருக்கும். அதைப் பார்த்து பர்கர் போடத் தெரிந்தவன் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேண்டியது கடாய் தூக்கத் தெரிந்தவன். ஆக நம் தெருவில் 'பாஸ்ட் புட்' என்பது வேகத்தின் பெயர் இல்லை, ஒரு வகை அடுப்பின் பெயர், ஒரு வகைச் சமையலின் பெயர்.

அந்தச் சமையல் கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் அடுப்பில் இருந்து கிளம்பியது. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரரான நெல்சன் வாங், 1975-ல் பம்பாயில் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல் பார்த்தபோது சிக்கன் மஞ்சூரியனைச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பச்சை மிளகாய், பூண்டு, இஞ்சியைத் தாளித்துக் கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாசும் சோள மாவும் சேர்த்தாராம். அது அவர் சொல்லும் வரலாறு. உரிமை கொண்டாடுகிற விஷயத்தில் சமையல்காரர்களின் வாக்கை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், நானும் அந்த ஜாதிதான். ஆனால் மஞ்சூரியனுக்கும் சீனாவின் வடகிழக்கில் இருக்கும் மஞ்சூரியாவுக்கும் எந்த உறவும் இல்லை என்பது நிச்சயம். இந்தச் சமையல் தெருவுக்கு வந்த பிறகுதான் 1995-ல் பெங்களூரில் கே.எஃப்.சி.யும் 1996-ல் டெல்லியில் மெக்டொனால்ட்சும் வந்தன. நாற்காலி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அதனால்தான் அசல் பாஸ்ட் புட் கம்பெனிகள் நம் ஊருக்கு வந்தபோது அந்தப் பெயர் அவர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று என்பது என் ஊகம். ஊகம்தான், சாட்சி கேட்காதீர்கள்.

இருபது நிமிடத்துக்கு வருகிறேன். பாஸ்ட் புட் வண்டியில் பாதி வேலை முன்கூட்டியே முடிந்திருக்கும். சோறு முக்கால் வேக்காட்டில் வடித்து ஆறியிருக்கும், நூடுல்ஸ் எண்ணெய் தடவிக் காத்திருக்கும், முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் கட்டிங் முடிந்திருக்கும், சிக்கன் ஒருமுறை பொரிந்திருக்கும். கடைசிக் கட்டம் மட்டும் உங்கள் முன்னால் நடக்கும். அங்கேதான் சிக்கல். ஒரு கடாயில் ஒரு நேரத்தில் இரண்டு பிளேட்டுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும், சோறு வறுபடாமல் புழுங்கிவிடும். போட்டு, பிரட்டி, கொட்டி, கடாயைக் கழுவி மறுபடி காயவிட ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். உங்களுக்கு முன்னால் பத்துப் பிளேட் நிற்கிறது என்றால் ஐந்து சுற்று, இருபது நிமிடம். மாஸ்டர் மெதுவாக இல்லை, ஒரு பர்னர்தான் இருக்கிறது. இட்லிக்கு ஒரு ஈடு நாற்பது, கடாய்க்கு ஒரு ஈடு இரண்டு. உங்கள் கால் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எல்லை தாண்டினால் சொல் மறுபடி நிறம் மாறுகிறது. என் கடைக்கு வரும் மலையாளிகளிடம் 'ஃபாஸ்ட் ஃபுட்' என்றால் கொஞ்சம் விரிந்த பொருள். சிலருக்கு ராத்திரியில் பரோட்டாவும் ஆம்லெட்டும் கிடைக்கும் தட்டுக்கடையும் அதில் சேரும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது ஷவர்மா, அல்ஃபாம், குழிமந்தி, அதாவது வளைகுடாவில் இருந்து வந்தவை. நமக்கு இந்தச் சொல் கல்கத்தா வழியாக வந்தது என்றால் அவர்களுக்குத் துபாய் வழியாக வந்தது. ஆந்திராவில், சித்தூர் பக்கம் நகரியில் என் சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கே 'டிபன் சென்டர்' தனி, 'ஃபாஸ்ட் ஃபுட் சென்டர்' தனி, குழம்பும் பொரியலும் மட்டும் பார்சல் கொடுக்கும் 'கறி பாயிண்ட்' தனி. தெலுங்குக்காரர்களுக்கும் ஃபாஸ்ட் ஃபுட் என்றால் நம்மைப் போலக் கடாய்தான். சாயங்காலச் சமாச்சாரத்துக்குக் கேரளத்தில் இருக்கிற அழகான வார்த்தை 'கடி'. டீயோடு சாப்பிடும் பழம்பொரி, பருப்பு வடை, பஜ்ஜி எல்லாம் கடி. கடை போட்ட புதிதில் ஒருவர் வந்து, "சேட்டா, கடி எந்தா உள்ளது?" என்றார். பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாயைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

தமிழில் நாம் போட்டுக்கொண்ட சொற்களைப் பார்ப்போம். 'துரித உணவு' பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் வாழ்கிறது, அதுவும் பெரும்பாலும் 'தவிர்ப்போம்' என்ற வினையோடுதான். யாராவது நண்பனைத் தோளில் தட்டி "வாடா, துரித உணவு சாப்பிடலாம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லாகப் பார்த்தால் அதில் வேகம் மட்டுமே இருக்கிறது, குற்றம் எதுவும் இல்லை. புழக்கத்தில் அதன் மேல் கண்டிப்பு படிந்துவிட்டது. 'விரைவு உணவு' என்றும் சிலர் எழுதுகிறார்கள், பொருள் ஒன்றே. 'உடனடி உணவு' வேறு சாதி. அது கடையில் சமைத்துத் தருவது அல்ல, வீட்டில் வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடுவது. 1983-ல் மேகி நூடுல்ஸ் 'இரண்டு நிமிடம்' என்று சொல்லிக்கொண்டு வந்ததே, அந்த வகை. 'நொறுக்குத் தீனி' என்பது வேளைக்கு இல்லாமல் இடையில் கொறிப்பது, அதில் முறுக்கும் உண்டு, பாக்கெட் சிப்சும் உண்டு. கடைசியாக 'ஜங்க் புட்'. உப்பு, சர்க்கரை, கொழுப்பு நிறைய, சத்து குறைவு என்று பொருளின் தரத்தைப் பற்றிய பேச்சு அது, வேகத்தைப் பற்றியது அல்ல. தமிழில் அதற்கு நிலைத்த ஒரு சொல் அமையாததால் துரித உணவின் தலையிலேயே அதையும் ஏற்றிவிட்டோம். உங்கள் மகளின் நோட்டில் விழுந்த சிவப்பு மை இந்தக் குழப்பத்தில் இருந்து வந்ததுதான். அவள் எழுதியது வேகத்தைப் பற்றி, ஆசிரியர் திருத்தியது சத்தைப் பற்றி.

ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அரசாங்கமே இந்தச் சொல்லில் தடுமாறியிருக்கிறது. 2016 ஜூலையில் கேரள பட்ஜெட்டில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பர்கர், பீட்சா, டோனட், சாண்ட்விச், பாஸ்தா வகைகளுக்கு 14.5 சதவீத வரி போட்டார். கொழுப்பு வரி என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் ஒரு நிபந்தனை இருந்தது, பதிவு செய்த பிராண்டு பெயருள்ள உணவகங்களுக்குத்தான் வரி. அதாவது வாளையாறு தாண்டி வந்து கம்பெனிக் கடையில் பர்கர் தின்றால் கொழுப்பு, அதே தெருவில் பெயரில்லாத கடையில் நாலு பரோட்டாவும் பீஃப் பொரியலும் தின்றால் கொழுப்பு இல்லை. சட்டத்தின் கண்ணில் பாஸ்ட் புட் என்பது அடுப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, போர்டில் இருக்கும் பெயர். ஒரு வருடம் கழித்து 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி போய்விட்டது. இதற்கு நேர் எதிராக, பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவு பற்றி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதி தெளிவாக இருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, சோடியம் மிகுந்த பொருட்களைப் பள்ளியைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள் விற்கக்கூடாது. வேகத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள் பேச வேண்டிய மொழி அதுதான் என்று நினைக்கிறேன்.

உடம்புக்குக் கெடுதலா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் அது கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. மருத்துவம் பேச எனக்குத் தகுதி இல்லை, அடுப்படிப் பக்கம் இருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் பயப்படுவது அஜினமோட்டோவுக்கு. அதில் இருக்கும் குளுட்டமேட் தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது, அளவோடு போட்டால் நான் அதற்குப் பயப்படுவதில்லை. நான் பயப்படுவது சோற்றுக்கு. பிரைடு ரைசுக்கு ஆறின சோறுதான் உதிரியாக வரும் என்று வடித்து வெளியிலேயே வைத்துவிடுவார்கள். சோற்றில் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாமல் இருக்கும். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும். பிறகு எவ்வளவு பெரிய தீயில் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. இளவயதில் நான் வேலை பார்த்த ஓர் ஓட்டலில் மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரி பதினொன்று வரை அன்னக்கூடையில் வைத்திருந்தோம். அன்று மிச்சத்தை வறுத்துச் சாப்பிட்டது நாங்கள் ஆறு பேர், வேலைக்காரர்கள். விடியும்வரை கழிவறை வாசலில் வரிசை. வாடிக்கையாளருக்குப் போகவில்லை என்று முதலாளி சந்தோஷப்பட்டார். அன்றில் இருந்து சோற்றை அகலத் தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து, ஃபிரிட்ஜில் ஏற்றாமல் நான் வேறு வேலை பார்ப்பதில்லை. சூடாக வைப்பது என்றால் அறுபது டிகிரிக்கு மேல், குளிராக வைப்பது என்றால் ஐந்துக்குக் கீழே. நடுவில் இருப்பது கிருமியின் வீடு.

மயோனைஸ் கதையும் இதே மாதிரிதான். பச்சை முட்டையில் அடித்த மயோனைசைக் கேரளா 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில்தான் ஒரு வருடத்துக்கு என்று தடை போட்டது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல், செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். அதே 2023-ல் இருந்து இங்கே பார்சலில் சமைத்த நேரத்தையும் எத்தனை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருந்து வருபவர்கள், "என்னங்கண்ணா, பாஸ்ட் புட்டுக்கு எக்ஸ்பைரி டேட்டா?" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. முன்கூட்டிச் சமைத்து வைக்கிற எதுவும், பர்கரோ இட்லியோ ஷவர்மாவோ, காத்திருக்கும் நேரத்தில்தான் கெடுகிறது. எங்கள் பக்கத்து ராமசேரி இட்லியைச் சொல்லுவார்களே, காஞ்சிபுரத்தில் இருந்து வந்ததாகச் சொல்லப்படும் முதலியார் குடும்பங்கள் மண்பானை மேல் துணி கட்டிச் சுடுவது, அது சாதாரண இட்லியைவிடக் கூடுதல் நேரம் கெடாமல் இருக்கும். வழிப்போக்கர் கட்டுச்சாதத்துக்கு அதனால்தான் அது பேர் வாங்கியது.

இனி உங்கள் மகளின் நோட்டுக்கு. சாப்பாடு கையில் வந்து சேரும் வேகத்தைத்தான் கட்டுரை பேசுகிறது என்றால் இட்லியை அடித்தது தவறு, தைரியமாகச் சொல்லுங்கள். பிரைடு ரைசைத்தான் அடித்திருக்க வேண்டும். ஊர் வழக்கில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதுதான் கட்டுரை என்றால் அடித்தது சரி, காரணம்தான் தவறு. இட்லியை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை, அதனால் சேராது. ஆரோக்கியம் அங்கே கணக்கே இல்லை. பரோட்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காலையில் பிசைந்து, எண்ணெயில் ஊறி, மாலையில் வீசிக் கல்லில் விழுகிற பரோட்டா டிபன் கணக்கில் வரும். அதையே கொத்திக் கடாயிலும் கல்லிலும் சத்தம் போட்டால் பாஸ்ட் புட் வண்டிக்குப் போய்விடும். அவளிடம் 'துரித உணவு' என்ற தலைப்பின் கீழே, தான் எந்தப் பொருளில் எழுதுகிறாள் என்று முதல் வரியிலேயே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் யார் சிவப்பு மை எடுத்தாலும் அவள் பக்கம் நியாயம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். காலையில் மீந்த இட்லியை நான் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு போர்டின் இரண்டாவது பாதி லைட்டைப் போட்டு பர்னரைப் பற்றவைத்ததும், அதை நாலாக நறுக்கி, பொரித்து, வெங்காயம், குடைமிளகாய், சாஸ் போட்டுப் பிரட்டினால் சில்லி இட்லி. நாலு நிமிடம், ஒரு சுற்றுக்கு இரண்டு பிளேட். முன்னால் ஆள் இல்லாவிட்டால் உட்காருவதற்குள் வந்துவிடும். பொள்ளாச்சியில் இருந்து வேலந்தாவளம் அப்படி ஒன்றும் தூரமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.